துரையிடம் என் மகள் கேட்ட அனுமதி

என் மகள் ஆங்கிலம் படித்ததில் எனக்குப் பெருமையைவிடப் பயமே அதிகம். துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த நான் என் ஆங்கிலத்தைக் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டவன். அவளோ வாய்விட்டுப் பேசுவாள். காலடிப்பேட்டையில் வயது வந்த பெண் அப்படிப் பேசினால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற முகத்துவாரக்குப்பத்து அம்மாள் ஒருநாள் காலையில் கூடையில்லாமல் வந்து நின்றாள். அவள் புருஷனுடைய கட்டுமரத்தின்மேல் ஒரு நீராவிப் படகு மோதி வலையைக் கிழித்திருந்தது. குற்றமோ அவன்மேல் விழுந்தது. கப்பல் தடத்தில் வலை போட்டானாம். அது உறுதியானால் கட்டுமரத்தைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். அவன் கடலில் இறங்கவும் முடியாது. முதல் விசாரணையில் அவன் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னவர் ஏதோ விட்டுவிட்டார் என்று அவளுக்குச் சந்தேகம். மறுவிசாரணைக்கு மொழிபெயர்க்கத் தங்கள் ஆளையே கூட்டிவரலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. நான் வருகிறேன் என்றேன், அரைமனதாக.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ வோணாம் நைனா. தொரையப் பாத்தா நீ நின்ன எடத்துலயே நின்னுகினு இருப்பே. பாப்பா வரட்டும்."

மகள் சிரித்துவிட்டுப் போய்ப் பின்னலை இறுக்கிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. துணைக்குப் போனேன்.

விசாரணை அறையில் குப்பத்து இளைஞர்களும் பெண்களும் சன்னலோரம் நின்றிருந்தார்கள். விசாரணை நடத்திய துறைமுக அதிகாரியான துரை பழைய வாக்குமூலத்தைப் படித்தார். 'கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று மீனவன் சொன்னதாக அதில் இருந்தது. சாமி கும்பிடுகிற மும்முரத்தில் படகு வருவதைக் கவனிக்கவில்லை என்று துரை அதற்கு அர்த்தம் செய்துகொண்டிருந்தார்.

மகள் அதைத் தமிழில் சொன்னாள். மீனவன் விழித்தான். அவள் துரையின் பக்கம் திரும்பி, இவரிடம் நானே ஒரு கேள்வி கேட்கலாமா என்றாள். நடுவில் நின்று பேசுகிறவள் சொந்தமாகக் கேள்வி கேட்பதா? ஒரு சொல் பிசகினால் அந்தக் குடும்பம் போயிற்று. என் வேலையும் போயிற்று. துரை பேனாவைக் கீழே வைத்துத் தலையசைத்தார்.

"கோபுரத்த எதுக்குப் பாத்தீங்க அண்ணே?"

"கும்புடவா பாப்பாங்க? எங்க கீறோம்னு தெரிய வோணாமா? திருவொத்தியூரு கோபுரமும் கரையில கீற ஒத்தப் பனையும் ஒரே நேரா நின்னுது. ஐகோர்ட்டு வெளக்குக் கூண்டு தொறமொகச் செவுரு முனைக்கு நேரா நின்னுது. அந்த ரெண்டு நேரும் சேர்ற எடத்துலதான் வலைய வுட்டேன்."

கரை அடையாளங்களை இப்படி நேர்பிடித்துக் கடலில் இடம் அறிவது குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் முதல்முறை அவன் அதை விளக்கவேயில்லை. கரையில் இருக்கும் நாங்களோ அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

மகள் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். துரை கடல் வரைபடத்தை விரிக்கச் சொன்னார். பனை எங்கே நிற்கிறது என்று அவர் கேட்க, அவள் கேட்க, அவன் சொல்ல, அவள் சொன்னாள். துரை அடிக்கோல் வைத்து இரண்டு கோடுகள் இழுத்தார். அவை கூடிய இடம் கப்பல் தடத்துக்கு நன்றாகவே வெளியே இருந்தது. துரை பழைய வாக்குமூலத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, கட்டுமரம் அவனுக்கே என்றார்.

மகள் அதைத் தமிழில் சொல்வதற்குள்ளேயே சன்னலோரம் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் என் மகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்திலிருந்து ஆறு பெண் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தொரை பேச்சு எத்தனை நாளில் வரும் என்று கேட்டார்கள். மகள் அரிச்சுவடியை எடுக்கவில்லை. ஒருத்தியைத் துரையாக்கினாள், ஒருத்தியை மீனவனாக்கினாள், மூன்றாமவளை நடுவில் நிறுத்தினாள். நடுவில் நிற்கத்தான் போட்டி. தெலுங்கு தெரிந்தவள் துரையாகித் தெலுங்கில் பேசினாள். பின்னால் பையன்களும் வந்தார்கள்.

மகளின் படிப்பை நான் நிறுத்தவில்லை. இன்றும் அந்த அறையை நினைத்தால் எனக்குப் பயம்தான். ஆனாலும் அந்தப் பெண்களில் இரண்டு பேரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நானே கூட்டிக்கொண்டு போனேன். எந்தெந்த மொழி படிக்கப்போகிறாய் என்று தலைமையாசிரியை கேட்டபோது, மூத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா நைனா யோசிக்கிறே? அல்லாத்தையும் எழுதச் சொல்லு."