அப்பா மேசையில் எடுத்து வைத்த போத்தல்கள்

என் அப்பா தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இலையைக் காய வைக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி கழிந்தது. நான் பதுளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அம்மா இறந்த பிறகு, தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். "லயத்துல நாலு பேரு மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். அங்க வந்து செவுத்தயா பாக்குறது?" என்று மறுத்துவிட்டார்.

சிறுநீர் கழிக்கச் சிரமப்படுவதை அவர் ஒரு வருடத்துக்கு மேல் மறைத்திருந்தார். மகளிடம் எப்படிச் சொல்வது என்ற வெட்கம். என் வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வருவார். ஏன் தாமதம் என்று கேட்டால், தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்வார். சிறுநீரில் இரத்தம் கண்ட பிறகுதான் எனக்கு போன் பண்ணினார். "பாப்பா, ஒருநா லீவு போட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

புரொஸ்டேட் புற்றுநோய். எலும்புக்குப் பரவவில்லை என்றார்கள். கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். அதோடு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹோர்மோன் ஊசி. ஊசி வேலை செய்யத் தொடங்கியதும் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். மலைக் குளிரில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று விசிறிக்கொள்வார். "ஒங்கம்மா அம்பது வயசுல இப்படித்தான் நின்னா. நான் சிரிச்சேன். இப்ப என் முறை" என்றார். அந்த நோயைப் பற்றி அவராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போனில் தேடித் தேடி வாசித்தேன். மாதுளை, மஞ்சள், பச்சைத் தேயிலை என்று ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். பதுளைக் கடையொன்றில் மஞ்சள் சத்து, பச்சைத் தேயிலைச் சத்து என்று இரண்டு போத்தல் மாத்திரை வாங்கினேன். கூடப் படிப்பிக்கும் ஒருவர் மொனராகலையிலிருந்து மூலிகைத் தூள் ஒரு போத்தல் எடுப்பித்துத் தந்தார். அதில் லேபல் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிற நான், அதில் என்ன இருக்கிறதென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பச்சைத் தேயிலை மாத்திரையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து அப்பா சிரித்தார். "நாப்பது வருஷம் இதோட தூசியில கெடந்தவன் நான். இப்ப மாத்திரையாவும் முழுங்கணுமா?"

"முழுங்குங்கப்பா. உடம்புக்கு நல்லது. ஆனா டொக்டர்கிட்ட சொல்லாதீங்க, ஏசுவாங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கொடுத்தேன் என்பதற்காக ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு கிளினிக் நாள். டொக்டர் ஒரு சிங்களப் பெண். தோட்டத்து நோயாளிகளோடு பேசிப் பேசியே தமிழ் படித்துக்கொண்டவர். இரத்தப் பரிசோதனைத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "நோயக் காட்டுற பி.எஸ்.ஏ. அளவு நல்லா கொறஞ்சிருக்கு ஐயா. ஆனா ஈரல் சரியில்ல. வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன்.

அப்பா குனிந்து, காலடியில் வைத்திருந்த பையை மடியில் எடுத்தார். துவாயால் சுற்றியிருந்த மூன்று போத்தல்களையும் ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். "இருக்குங்க டொக்டர். நாந்தான் ஒங்களுக்குத் தெரியாம சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். மக மேல தப்பு இல்ல."

என்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் வாங்கிக் கொடுத்தேன் டொக்டர். சொல்ல வேணாம்னு சொன்னதும் நான்தான்" என்றேன்.

டொக்டர் ஏசவில்லை. "நெறையப் பேர் எடுக்கிறாங்க, யாரும் சொல்றதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு லேபல்களை வாசித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். மஞ்சளும் மாதுளையும் சாப்பாட்டோடு சேர்ந்தால் நல்லதுதான். சத்தைப் பிழிந்து மாத்திரையாக்கும்போது அது வேறு. நோயைக் குணமாக்கும் என்று சொல்ல இன்னும் ஆதாரமில்லை. பச்சைத் தேயிலைச் சத்து சிலருடைய ஈரலைப் பாதிக்கும். லேபல் இல்லாத தூளைத் தொடவே கூடாது. அதில் ஹோர்மோன் மாதிரி ஏதாவது கலந்திருந்தால் பி.எஸ்.ஏ. அளவை நம்பி நோயைக் கணிக்க முடியாமல் போய்விடும். "மூணையும் நிப்பாட்டுங்க. ஊசிய விட வேணாம். ஒரு மாசத்துல திரும்ப ரத்தம் பாப்போம்."

"சாயத் தண்ணி குடிக்கலாங்களா?" என்று அப்பா தன் பாலில்லாத தேநீரை நினைத்துக் கவலையோடு கேட்டார்.

"அத நிப்பாட்டச் சொன்னா நீங்க கிளினிக் பக்கமே வர மாட்டீங்களே!" என்று டொக்டர் சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "போத்தல எப்பயிருந்துப்பா பையில வச்சிருந்தீங்க?"

"மொத தடவையிலருந்து. ஒவ்வொரு கிளினிக்குக்கும் தூக்கிட்டுத்தான் வந்தேன். நீயே சொல்லிருவன்னு பாத்தேன்" என்றார். அதில் கோபமே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

ஒரு மாதத்தில் ஈரல் பழைய நிலைக்கு வந்தது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கத்தோலிக்கக் கோவிலில் பூசை முடிந்ததும், பாதரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றார். ஜெபம் வாசிக்கக் கூட எழுந்து நிற்காத மனிதர்.

"பொம்பளைங்களும் இருங்க. ஆம்பளைங்க ஒளிக்கிறத நீங்கதான் கண்டுபுடிக்கணும்" என்று தொடங்கினார். "எனக்கு வந்திருக்கிறது புரொஸ்டேட் புத்துநோய். ஒண்ணுக்குப் போற எடத்துல உள்ள சுரப்பியில வருது. வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வருஷம் ஒளிச்சேன். அது மொத தப்பு. டொக்டருக்குத் தெரியாம மாத்திரையும் தூளும் தின்னேன். அது ரெண்டாவது. மூலிகை கூடாதுன்னு நான் சொல்ல வரல. எதத் தின்னாலும் டொக்டர்கிட்ட காட்டிட்டுத் தின்னுங்க. அத நம்பி ஊசிய விட்டுறாதீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னதையே இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்தத் தைரியம் எனக்கு வந்ததில்லை.

அந்த வாரமே இரண்டு பேர் லயத்துக்குத் தேடி வந்தார்கள். பிறகு இன்னும் சிலர். அவர்களை அப்பாவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஒருவருக்குச் சாதாரண வீக்கம்தான். இன்னொருவருக்கு நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டது. புறப்படுமுன் அவரவர் வீட்டிலிருக்கும் லேகியம், கசாயம், மாத்திரை எல்லாவற்றையும் கட்டாயம் எடுத்துவரச் சொல்லுவார். டொக்டர் எதை வைத்துக்கொள்ளச் சொன்னார், எதை விடச் சொன்னார் என்பதைத் தன் கோணல் எழுத்தில் அவர்களுடைய கொப்பிகளில் எழுதிக் கொடுப்பார்.

அப்பாவுக்கு ஊசி இன்னும் தொடர்கிறது. பி.எஸ்.ஏ. ஏறவில்லை. போன மாதம் அவருக்குப் பதிலாக நான் ரிப்போர்ட் வாங்கப் போயிருந்தேன். பதுளையில் எங்கே போனாலும் என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற ஒரு தோட்டத்துக்காரர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க தெமோதர ஐயாவோட மகதானே?"

"ஆமாங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.