பங்குனிப் பொங்கலுக்கு இருநூற்றுப் பத்துச் சேலை

அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டதற்கு எங்கள் ஊர்க்கூட்டம் கொதித்த கொதிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். கோயில் பங்குனிப் பொங்கலைப் பற்றிப் பேச, தை கடைசியில் கூடியிருந்தோம். விழாக் கமிட்டித் தலைவர் இருளப்பசாமி எழுந்து, "அவன் நம்ம துணி வேணாங்கிறான், நாம அவன் கலரைக் குடிக்கணுமாக்கும்" என்றார். பந்தியில் வெளிநாட்டுக் கலர் கிடையாது, அருப்புக்கோட்டை பன்னீர் சோடாதான் என்று முடிவானது. கைதட்டு அடங்கச் சற்று நேரம் ஆனது.

அடுத்ததாக, முளைப்பாரி எடுக்கும் பெண்களுக்கு ஒரே மாதிரிச் சேலை எடுக்கிற பேச்சு வந்தது. இருளப்பசாமி போனை நீட்டினார். சூரத்துச் சேலை, மேலெல்லாம் மினுமினுப்பு, வீடியோவில் பளிச்சென்று விழுமாம். இருநூற்றுப் பத்துச் சேலைக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த தறிக்காரி யுவராணி அப்போதுதான் பேசினாள். "ஒரு மணி நேர பஸ்ஸு தூரத்துல பன்னெண்டு தறி சும்மா கெடக்கு. அந்தச் சேலைய நாங்க நெய்ஞ்சு தர மாட்டமா?"

"வீட்டு ஆம்பளைய வரச் சொல்லு தாயி" என்றார் இருளப்பசாமி. அவள் வீட்டுக்காரர் லாரிக்குப் போகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரிலேயே இருக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும். சேலை கட்டப்போவது பெண்கள். எந்தச் சேலை என்று முடிவு செய்வது மீசை வைத்த நாங்கள். இதில் அமெரிக்காக்காரனுக்கு நியாயம் சொல்லக் கிளம்பிவிட்டோம்.

யுவராணிக்கு முப்பத்தேழு வயது. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் மிளகாய்க் காட்டில் களை வெட்டியவர்கள். பத்தொன்பது வயதில் காலை ஆறரை பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்கு விசைத்தறி ஓட்டப் போனவள், பதினெட்டு வருடம் அந்த பஸ்ஸை விடவில்லை. தறி முதலாளி சங்கரபாண்டியனுக்குக் கரூர் ஏற்றுமதிக்காரர் ஒருவர் வேலை கொடுத்துவந்தார். சமையலறையில் துடைக்கிற டவல், எல்லாம் அமெரிக்காவுக்குப் போவது. "நான் நெய்றதுல வெள்ளைக்காரி தட்டு தொடைக்கிறாண்ணே" என்று சிரிப்பாள்.

ஆவணியில் வரி ஏறியது. புரட்டாசியில் கரூர்க்காரர் கையை விரித்தார், தறி நின்றது. யுவராணி கரிமூட்டத்துக்குப் போனாள். வேலிக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டு, வெந்த கரியை மூட்டையில் அள்ளுகிற வேலை. நூல் இழை அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடுகிற விரல்கள் கரியில் பொத்துப்போய்க் கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கை தூக்கினேன்.

கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து அவள் வீடு வீடாகப் போனாள். டவலுக்கு முன்னால் அந்தத் தறியில் அவள் நெய்த ஒரு பழைய நூல் சேலை கையில் இருந்தது. பெண்களுக்கும் முதலில் மினுமினுப்பில்தான் கண். "இது கஞ்சிபோட்ட மாதிரி வெறைச்சு நிக்குமே" என்றார்கள். வழிக்குக் கொண்டுவந்தது அழகுத்தாய்தான். முளைப்பாரி ஊர்வலத்தில் முதல் பாரி தூக்குகிறவர். அவர் நடந்தால்தான் மற்றவர்கள் நடப்பார்கள். போன வருடம் சூரத்துச் சேலை முந்தானையைச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்தபோது அது வழுக்கி, பாரி கீழே விழப் பார்த்தது. பாரி விழுந்தால் ஊருக்கு ஆகாது. நேராக இருளப்பசாமி வீட்டு வாசலுக்கே போனார் அழகுத்தாய்.

"அந்த வழுக்குற சேலைய நீங்களே கட்டி, பாரியையும் நீங்களே தூக்குங்கப்பா. நான் வரல."

அன்று சாயங்காலமே சூரத்துக்குச் சொன்னது ரத்தாகி, ஆர்டர் சங்கரபாண்டியன் தறிக்குப் போனது. சூரத்தும் நம் நாடுதான், அங்கேயும் வயிற்றுப்பாட்டுக்குத்தான் நெய்கிறார்கள். என் ஆத்திரம் அவர்கள் மேல் இல்லை. சொந்த ஊர்ப் பெண் கரி அள்ள, போனைத் தடவிச் சேலை எடுத்த எங்கள் மேல்தான்.

சேதி கேட்டு சங்கரபாண்டியன் கண் கலங்கிவிட்டாராம். "நீ மனுசி இல்லம்மா, என் கொலசாமி" என்றாராம். நூல் அருப்புக்கோட்டை மில்லுடையது. பஞ்சு எங்கிருந்து வருகிறதோ, அதை நான் கேட்கவில்லை. சாயம் ஏற்றியதும் அதே டவுனில். மாசி முதல் வாரம் ஆறு தறியில் மஞ்சளும் அரக்குமாகப் பாவு, நீளவாட்டு நூல், ஏறியது. யுவராணியோடு ஐந்து பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். முதலாளி முதல் சேலையைப் பிடித்தபடி படம் எடுத்து, 'நம்ம தறி, நம்ம சேலை' என்று வாட்ஸப்பில் போட்டார். நானும் அதற்குக் கைகூப்பினேன்.

தொண்ணூற்றாறு சேலை இறங்கியிருந்தது. மாசி கடைசியில் ஒருநாள் முதலாளி வேகமாகத் தறிச் செட்டுக்குள் வந்தார். அமெரிக்காவில் வரி இறங்கிவிட்டதாம், கரூர்க்காரர் கூப்பிட்டுவிட்டாராம், பன்னிரண்டு தறியும் அவருக்கு வேண்டுமாம்.

"பாவை அறுத்துட்டு டவல் பாவு ஏத்துங்க. மிச்சச் சேலைய இதே கலர்ல சூரத்துல எடுத்துத் தாரேன். எவளுக்கு வித்தியாசம் தெரியப் போகுது" என்றார்.

கொலசாமிக்கு ஆயுசு இருபது நாள்தான்.

தறிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏறிய பாவை நெய்து முடிக்காமல் அறுக்க மாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் அறுப்பார்கள். எந்த அவசரத்துக்கும் அந்தச் செட்டில் அதுவரை யாரும் பாவை அறுத்ததில்லை. யுவராணி தறியை நிறுத்தினாள். மற்ற ஐந்து தறியும் நின்றன.

"எழவு விழுந்த வீட்டுலதான் பாவை அறுப்பாக மொதலாளி. யாரு செத்தாகன்னு சொல்லுங்க, அறுத்துர்றோம்."

சங்கரபாண்டியனுக்கு முகம் கறுத்தது. வடக்கே இருந்து ஆள் இறக்குவேன் என்றார். இறக்கிக்கொள்ளுங்கள், அவர்களிடமும் இதையே கேட்போம் என்றார்கள் பெண்கள். அவர்கள் கத்தவில்லை. முதலாளி வெளியே போய்ப் போனில் பேசினார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கடைசியில் சும்மா கிடந்த ஆறு தறியில் மட்டும் டவல் பாவு ஏறியது. மீதி நூற்றுப் பதினாலு சேலையும் பொங்கலுக்கு நாலு நாள் முந்தி ஊர் வந்து சேர்ந்தன.

அழகுத்தாய் முன்னால் போக, இருநூற்றுப் பத்துப் பேரும் மஞ்சளும் அரக்குமாகத் தெருவை நிறைத்தார்கள். ஒரு பாரிகூட ஆடவில்லை. அந்த நேரம் பார்த்து மைக்கில் இருளப்பசாமியின் குரல். 'வரியை எதிர்த்து உள்ளூர்த் தொழிலைக் காத்த வள்ளல்' சங்கரபாண்டியனுக்குக் கமிட்டி சார்பாகப் பொன்னாடையாம். போர்த்திய அந்த ஆடையும் சூரத்துச் சரக்குதான். யுவராணி அந்த மேடையைத் தாண்டித்தான் போனாள். தலையில் பாரி இருக்கும்போது பேசக் கூடாது. அவள் பேரை யாராவது சொல்வார்கள் என்று கடைசிவரை நின்றேன், சொல்லவில்லை. நானாவது மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

ஆனால் பெண்கள் பெண்களிடம் பேசிவிட்டார்கள். திருவிழாவுக்கு வந்த சொந்தபந்த ஒரம்பரைகள் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எங்கே நெய்தது என்று கேட்டார்கள். ஒருத்தியும் முதலாளி பேரைச் சொல்லவில்லை. யுவராணியின் நம்பரைக் கொடுத்தார்கள். திருச்சுழியில் ஒரு கோயில் திருவிழாவுக்கு நூற்று எண்பது, வீரசோழன் ஜவுளிக்கடை ஒன்றுக்கு அறுபது. இரண்டு இடத்திலும் முன்பணம் வாங்கி நூலுக்குச் சொல்லிவைத்துவிட்டுத்தான் அவள் செட்டுக்குப் போனாள்.

முதலாளிக்கு அதற்குள் சேதி போயிருந்தது. "ஆர்டர் வந்திருக்காமே, குடும்மா, போட்டுருவோம்" என்றார், அவளுக்கு நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டபடி.

"அது எனக்கு வந்த ஆர்டர்."

"உனக்குத் தறி ஏது?"

"உங்க தறிதான். கரூர்க்காரருக்குக் கூலிக்கு நெய்றீகள்ல, எனக்கும் நெய்ஞ்சு குடுங்க. நூல் நான் தாரேன். எம் பாவு ஏறுன தறியில எம் பாவு முடியிற வரைக்கும் வேற எதுவும் ஓடக் கூடாது. யாரு கூப்பிட்டாலும், எந்த வரி எறங்குனாலும். அதை மட்டும் எழுதிக் குடுங்க."

"எங்கிட்டயே எழுதிக் கேக்குறியா?"

"கொலசாமின்னு வாயால சொன்னீக மொதலாளி. அதான் எழுத்துல கேக்கேன்."

ஆறு பெண்களும் தறியைத் தொடாமல் நின்றார்கள். சங்கரபாண்டியன் சட்டைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.