சின்னம்மாவின் சீவிய உரித்து

அப்பா எழுதிவைத்த காணி உறுதிப் பத்திரத்தில் ஒரே ஒரு வரியை நொத்தாரிசு ஐயா இரண்டு தடவை வாசித்த அந்தக் காலைநேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண்டூர்ப் பக்கத்து வயல்வட்டையில் இருந்த எங்கள் வயல் எனக்கு. ஆனால் அப்பாவின் இரண்டாம் தாரமான சின்னம்மாவின் சீவிய உரித்துக்கு உட்பட்டு. “விளங்கிச்சா புள்ள? காணி இப்பவே உங்கடதான். அவ உசிரோட இரிக்கும் மட்டும் விளைச்சல் அவக்கு. மறுகாதான் நீங்க வரம்பில கால் வைக்கலாம்,” என்றார். அறுபதுகளின் நடுப்பகுதி அது. மட்டக்களப்பு நகரில் ஆசிரியையாக இருந்தேன். வாடகை வீடு, கைக்குழந்தை. சின்னம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த வருடம் சின்னம்மா, தன் தம்பிக்குத் தோணியும் வலையும் வாங்கிக் கொடுப்பதற்காக, நெல் ஆலை முதலாளி ஒருவருக்கு வயலை விற்றுவிட்டார். தான் வாங்கியது வயல் அல்ல, சின்னம்மா உயிரோடு இருக்கும்வரை அதன் விளைச்சல் மட்டுமே என்பது முதலாளிக்குப் பிறகுதான் தெரியவந்தது. சத்தம் போட்டுப் பார்த்தார். கொடுத்த காசோ தோணியாகி வாவியில் இறங்கியாகிவிட்டது. அதன்பின் அவர் வேறு வழியில் போனார். சின்னம்மாவுக்குத் தடிமன், தும்மல் என்றால் மருந்தோடு பரியாரியாரை அனுப்பினார். வாரந்தோறும் மீனும் முட்டையும் கொடுத்துவிட்டார். ஊரார் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சின்னம்மாவுக்குச் சுகமில்லை என்று ஆள் வந்து சொல்லும்போதெல்லாம், எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

நெருப்புக் காய்ச்சலில் அவரை ஆசுபத்திரியில் சேர்த்திருந்தபோது போனேன். முதலாளி கட்டிலோரம் இருந்து கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, “இரிங்க தங்கச்சி,” என்றார். நான் இருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சின்னம்மா கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் என்ட மூச்சைத்தானே எண்ணிக்கொண்டு இரிக்கிறீங்க. எண்ணினது போதும். கொஞ்சம் தண்ணி தாங்க.”

தண்ணீரை நான்தான் கொடுத்தேன். வெளியே வந்ததும், வயலைப் பாதியாகப் பிரிப்போமா என்று முதலாளியிடம் கேட்டேன். ஒரு பாதி அவருக்கு முழுச் சொந்தம். மறுபாதியில் நான் இப்போதே விதைக்கலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. “ஓம் தங்கச்சி, எனக்கும் நித்திரை இல்ல,” என்றார். அடுத்த மாதமே நொத்தாரிசு ஐயா முன் கையெழுத்திட்டோம்.

சின்னம்மா பிழைத்துவிட்டார். பிறகும் பல வருடங்கள் இருந்தார். முதலாளியின் மீன் நின்றுபோயிற்று. நானும் வருடத்துக்கொருமுறை, கோயில் திருவிழாவோடுதான் போனேன். அப்படிப் போன ஒருநாள், வெற்றிலையை மடித்தபடி சாதாரணமாகக் கேட்டார்:

“இப்ப நான் இரிந்தாலும் செத்தாலும் ஒருத்தருக்கும் நட்டமில்ல, என்ன மகள்?”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பிவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இப்போது அவர் இறந்த வயதையும் தாண்டிவிட்டேன். போன மாதம் வீட்டை மகளுக்கு எழுதும்போது, சீவிய உரித்து வைப்பதா என்று இந்தக் காலத்து நொத்தாரிசு கேட்டார். வேண்டாம், முழுதாகவே எழுதுங்கள் என்றேன். என்னைப் பார்க்க மகள் வந்தால், எதற்காக வந்தாள் என்று நான் யோசிக்க வேண்டியதில்லை.