தன்னார்வலர் எண் ஒன்று

“உங்க பேரு இதுல எங்கம்மா இருக்கு?” தாள்களைப் புரட்டியபடியே கேட்டார் ஹாவ். பதவி உயர்வுக் குழுவின் தலைவர்.

“எங்கயும் இருக்காது தோழர். அப்பல்லாம் யாரும் பேரு போட மாட்டோம். ஆய்வுக் குழுன்னு மட்டும்தான் அச்சாகும்.”

வான்ரோங்குக்கு ஐம்பத்தைந்து முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த வயதில் பெண்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். முதுநிலை ஆய்வாளர் பதவி கிடைத்தால் இன்னும் ஐந்து வருடம் குன்மிங் நகர ஆய்வுக்கூடத்திலேயே இருக்கலாம். மலைக்கிழங்கு ஒன்றை அவள் சோதித்து வலிமருந்தாக்கியிருந்தாள். அதை நெடுநாள் தின்றால் சிறுநீரகம் என்னாகும் என்ற சோதனை பாதியில் இருந்தது. எலிகளுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கி எட்டாவது மாதம். வேறு யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

“எழுபத்திரண்டுல இத மொதல்ல குடிச்சது நான். நோயாளிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி. அறிக்கையிலயே இருக்கு, பாருங்க.”

ஹாவ் உரக்கப் படித்தார். “தன்னார்வலர் எண் ஒன்று. பெண். வயது நாற்பத்துநான்கு. நாக்கு மரத்தது. நாடி முப்பத்தெட்டு.” தலையைத் தூக்கினார். “மருந்து குடிச்சவங்களுக்கெல்லாம் பதவி குடுத்தா, ஆஸ்பத்திரிக் கட்டில் பூரா பேராசிரியருங்கதாம்மா படுத்திருப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பழக்கத்தில் அவளும் சிரித்துவிட்டாள்.

“சாட்சி யாராவது?”

ஃபெங்கைக் கூப்பிட்டார்கள். பதினொரு வருடமாகப் பக்கத்து மேசை. அன்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணியவன்.

“சொல்லுப்பா, சோதனைய வகுத்தது யாரு?”

“அக்கா கோவிச்சுக்கக் கூடாது. இதுல என்னுது உன்னுதுன்னு ஒண்ணும் கெடையாது தோழர். குழுவோட வேலை.”

அது அவள் பேச்சு. எழுபத்துமூன்றில் ஃபெங் தான் கண்டுபிடித்த வடிகட்டும் முறைக்குக் கீழே, குறிப்பேட்டில், தன் பெயரை எழுதியிருந்தான்; தனியாகப் பேர் தேடுவது அன்று குற்றம். அவள்தான் கூட்டத்தில் எழுந்து இதையே சொன்னாள். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அவன் தன் தவறை எழுதி வந்து எல்லோர் முன்னிலும் படித்தான். போதாது என்றார்கள். மூன்றாம் தடவைதான் விட்டார்கள். பெயரை பிளேடால் சுரண்டச் சொன்னதும் அவள்தான்.

குழு அவள் மனுவைத் தள்ளியது. தாழ்வாரத்தில் அவனைப் பிடித்தாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“பொய்யாக்கா சொன்னேன்?”

“பொய்யில்ல.”

“அப்புறமென்ன?”

“எலிங்கள யாரு பாக்கறது? இன்னும் நாலு மாசம் இருக்கு.”

“அத குழு முடிவு பண்ணும்க்கா.”

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. ஓய்வுத் தாளில் கையெழுத்திட்டாள். இருபத்திரண்டு எலிகளையும் நிறுத்து எடையைக் குறித்தாள். மதியம் உணவுக்கூடத்தில் அரிசி நூடுல்ஸ் இருந்தது. இரண்டு மணிக்கு வேறொரு பிரிவிலிருந்து ஆள் வந்து, தங்களுக்குக் கூண்டுகள் வேண்டும் என்று எலிகளோடு எடுத்துப் போனான். சிறிது நேரம் மழை பெய்தது. ஐந்தரைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.