சத்தமில்லாமல் பார்த்தவர்

தாம்பரம் மார்க்கெட் ஓரமாக மீன் விற்கும் அக்காவின் கூடையை ஒரு இளம் காவலர் எட்டி உதைத்ததை நான் பார்த்தேன். அக்காவுக்குச் சாட்சியாக ஸ்டேஷனுக்குப் போனபோதுதான் அந்த இன்ஸ்பெக்டரம்மாவைச் சந்தித்தேன். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. காவலர்கள் சட்டையில் மாட்டியிருக்கும் கேமராவின் பதிவுகளைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. எதையும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார்.

"சத்தம் இருந்தா வாயைத்தான் கவனிப்போம் சார். கை என்ன பண்ணுதுன்னு தெரியாது."

"நான் உதைக்கல மேடம். கேமராகூட சார்ஜ் இல்லாம நின்னுபோச்சு" என்றார் காவலர்.

அம்மா பதிவை ஓடவிட்டார். மீன்கூடை தெரிந்தது. ஒரு கை கேமராவை நோக்கி வந்தது. திரை இருண்டது.

"சார்ஜ் போறதுக்கு உன் கை எதுக்குப்பா வந்துச்சு?"

காவலர் தலைகுனிந்தார்.

"அக்காகிட்ட மன்னிப்பு கேளு. நான் மேல ரிப்போர்ட் அனுப்பறேன்."

காவலர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா எல்லோருக்கும் டீ வரவழைத்து, முதல் டம்ளரை அந்தக் காவலரிடமே நீட்டினார். "குடிப்பா. காலைல சாப்ட்டியா?"

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "இன்னா பொம்பளப்பா! அடிக்கிறாங்களா அணைக்கிறாங்களான்னே தெரியல."

எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.