சீல் வைத்த மண்டபமும் சிமியின் கல்யாணமும்

நைஜீரியாவின் இபாதான் நகரில் லாடிப்போ அகின்டெலேயைப் பிடிக்க வேண்டுமானால் சனிக்கிழமை எங்கே விருந்து என்று விசாரித்தால் போதும் என்று ஒரு காலம் இருந்தது. வங்கியில் பணம் எண்ணிக் கொடுக்கும் கவுன்டரில் தொடங்கி மண்டல மேலாளர் வரை வந்தவர் அவர். எங்கள் ஊர் வங்கிகளில் டெபாசிட் பிடிக்காதவனுக்கு நாற்காலி நிலைக்காது. டெபாசிட் இருக்கும் இடம் விருந்து. அதனால் பெயர்சூட்டு விழா, கல்யாணம், பெரியவர்களின் அடக்கம் என்று ஒன்று விடாமல் போவார். அந்தக் குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து எடுக்கும் ஒரே துணியில் தனக்கும் ஒன்று தைத்துக்கொள்வார். ஊரின் பாதிக் குடும்பங்களின் துணி அவர் அலமாரியில் தொங்கியது. சாப்பிட்டு, ஆடி, கிளம்பும்போது இரண்டு புதுக் கணக்கு பிடித்திருப்பார். உள்ளபடியே அவருக்கு மனிதர்களைப் பிடிக்கும் என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

பிறகு ஆளுநர் கூப்பிட்டு அவரை மாநில வரி வாரியத்துக்குத் தலைவராக்கினார். வந்தது வினை. விருந்தில் அவர் நுழைந்ததும், போன வாரம் வரை கட்டிப்பிடித்தவர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். மரக்கடை வைத்திருக்கும் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"சாப்பிட வந்தீங்களா லாடிப்போ, இல்ல எத்தன ஆடு அறுத்தாங்கன்னு கணக்கெடுக்க வந்தீங்களா?"

"முதல்ல சாப்பிடறேன்," என்றார் லாடிப்போ.

வங்கியில் கடன் கமிட்டியில் உட்கார்ந்தபோது, மேலே எழுதியிருக்கும் பெயரைப் பார்த்ததும் பேனாக்கள் வளைவதை அவர் பார்த்திருக்கிறார். அவர் பேனாவும் வளைந்ததுண்டு. அதனால் வாரியத்தில் ஒரு ஏற்பாடு செய்தார். வரி கட்டாத கட்டிடங்களுக்குச் சீல் வைக்கும் உத்தரவு அவர் மேசைக்கு வரும்போது அதில் பெயரும் இருக்காது, முகவரியும் இருக்காது. ஒரு எண், எவ்வளவு பாக்கி, எத்தனை நோட்டீஸ் போனது, அவ்வளவுதான். கையெழுத்து விழுந்துவிட்டால் பாக்கி தீரும்வரை யார் சொன்னாலும் சீலை எடுக்க முடியாது, தலைவரே சொன்னாலும் கூட. இந்த ஏற்பாட்டைப் பற்றி ரேடியோவில்கூடப் பேசியிருக்கிறார். பேசும்போது குரலில் கொஞ்சம் கர்வம் தெரியும். இல்லையென்று சொன்னால் பொய்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவருடைய அக்கா மோரோன்கே வீட்டுக்கு வந்தார். லாடிப்போவுக்குப் பத்து வயது மூத்தவர். அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தவர். துணிச் சந்தையில் கடை. அவரிடம் விலை பேசிவிட்டுப் போகிறவர்கள் எங்காவது நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போவார்கள். லாடிப்போ வழக்கம்போல் குனிந்து தரையைத் தொட்டார். அக்கா எப்போதும் தட்டிக் கொடுக்கும் முதுகைத் தட்டிக் கொடுக்கவில்லை.

"வாங்க அக்கா. உக்காருங்க."

"உக்கார வரல. நாளன்னிக்கு சிமிக்கு எங்கடா விருந்து?"

சிமி அக்காவின் மூத்த மகள். "அஜிபாடே மண்டபத்துல," என்றார் லாடிப்போ.

"அந்த மண்டபத்துக்கு மத்தியானம் உன் ஆளுங்க சங்கிலி போட்டு, சீல் வெச்சிட்டுப் போயிருக்காங்க. உன் கையெழுத்தாமே."

லாடிப்போ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலை அவர் போட்ட கையெழுத்துகளில் எது அஜிபாடே மண்டபம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கத்தானே அத்தனை பாடும்.

"நான் நம்பரத்தான் பாத்தேன் அக்கா. பேரு இருக்காது."

"இப்ப பேரு தெரிஞ்சிடுச்சில்ல? திற."

"அவரு பாக்கியக் கட்டினா அப்பவே திறந்துடும். இப்பவே போய்ப் பேசறேன்."

"எழுநூறு பேரு வராங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க அகுரேலேருந்து நாளைக்கு வண்டி ஏறுறாங்க. அந்த மண்டபத்த நான் எப்படிப் பேசி எடுத்தேன்னு தெரியுமா? பாதி விலைக்கு. இந்த ஊர்ல எவளாவது அந்தாளுகிட்ட பாதி விலைக்கு வாங்கியிருக்காளா?"

மண்டபத்துக்காரர் அஜிபாடே, ஊரில் சீஃப் பட்டம் வாங்கியவர், லாடிப்போவை வாசலிலேயே வந்து வரவேற்றார். உட்காருவதற்குள் வறுத்த இறைச்சி வந்துவிட்டது.

"வாங்க, கல்யாண வீட்டுக்காரரே."

"சீஃப், மூணு வருஷ பாக்கி. நாளைக்குக் காலைல கட்டிடுங்க. நானே நின்னு சங்கிலிய எடுக்கச் சொல்றேன்."

"கட்டறேன். யாரு கட்டமாட்டேன்னா? சனிக்கிழமை நல்லபடியா முடியட்டும். திங்கக்கிழமை உக்காந்து பேசுவோம்."

"பேசறதுக்கு என்ன இருக்கு?"

சீஃப் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, ஆட்டத்தில் தோற்றவர் சிரிக்கும் சிரிப்பு. "நீங்க பேங்க்ல இருந்தவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா? பாதி விலைக்கு மண்டபம் குடுத்தேனே, எதுக்குக் குடுத்தேன்? தலைவர் வீட்டுக் கல்யாணம் நம்ம மண்டபத்துல இருக்கு, எவன் சீல் வெப்பான்னு நெனச்சேன். நீங்களே வெச்சிட்டீங்க. சரி, வெச்ச கையாலயே எடுத்துடுங்க."

லாடிப்போ இறைச்சியைத் தொடாமல் எழுந்து வந்தார். காரில் வரும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. சீஃப் சொன்னதை அப்படியே அக்காவிடம் சொல்லிவிட்டால் அக்காவின் கோபம் முழுவதும் சீஃப் பக்கம் திரும்பிவிடும். தம்பி நல்லவனாகிவிடுவான். ஆனால் அக்கா ஏமாந்தவராகிவிடுவார். அக்காவின் வாழ்க்கையில் பணம் வந்து போயிருக்கிறது, புருஷன் வந்து போயிருக்கிறார். பேரத்தில் மட்டும் அவர் தோற்றதில்லை. சந்தை முழுக்க அந்தப் பாதி விலைக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறார். அதைப் பிடுங்க லாடிப்போவுக்கு மனம் வரவில்லை. அந்த மனிதரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஒளிப்பானேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் கடைக்குப் போனார்.

"திறக்க முடியாது அக்கா. அவரு கட்டமாட்டேங்கறாரு. நம்ம வீட்டுத் தெருவுலயே ஷாமியானா போட்டுடலாம். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

அக்கா பக்கத்துக் கடைக்காரிகள் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினார். "பாத்துக்கங்கடி. நான் முதுகுல தூக்கி வளத்த தம்பி. மருமக கல்யாணத்துக்கு மண்டபத்தப் பூட்டற மாமன் இந்த நைஜீரியாவுல வேற எவனாவது இருக்கானா?" பிறகு கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "கல்யாணத்துக்கு வா. வரலன்னா ஊரு பேசும். ஆனா எங்கிட்டப் பேசாத."

அவ்வளவுதான். பதினோரு வயதிலிருந்து தனக்குத் தாயாக இருந்தவரை இழந்துவிட்டோம் என்று லாடிப்போ நினைத்தார். காரில் ஏறி, டிரைவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அழ நேரமில்லை. ஊர் விருந்தெல்லாம் சாப்பிட்டவர் அல்லவா, ஷாமியானாக்காரன், நாற்காலிக்காரன், பாட்டுக்காரர், சமையல்காரிகள் எல்லோருடைய நம்பரும் அவரிடம் இருந்தது. தெருவை அடைக்க உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்டார். அங்கிருந்த பெண், "தலைவருக்கெல்லாம் என்ன சார் கட்டணம், போங்க," என்றாள். லாடிப்போ கட்டணத்தைக் கட்டி, ரசீது வரும்வரை அங்கேயே நின்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் வாய்விட்டே திட்டினார்.

சனிக்கிழமை அவர்கள் வீடிருக்கும் ஓகே-அடோ தெரு முழுக்க ஷாமியானா. சிமி அழகாக இருந்தாள். குடும்பம் முழுவதும் ஊதா நிறத் துணியில் இருந்தது, லாடிப்போவும்தான். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையும் தோழர்களும் வரிசையாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்து பெண் கேட்டார்கள். அக்கா எல்லோரிடமும் பேசினார், சிரித்தார். தம்பி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. ஜோலோஃப் சோறு பரிமாறும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

ஷாமியானாவின் துணியில் தண்ணீர் தேங்கித் தொங்க ஆரம்பித்தது. மாநில வரி வாரியத் தலைவர் ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு, மேசை மேசையாகப் போய்த் தண்ணீரை மேலே தள்ளி வெளியே விட்டார். தலையிலிருந்த தொப்பி ஊறி ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

"தலைவரே, எங்க மேசைல ரொம்ப சேந்துடுச்சு. வந்து வசூல் பண்ணுங்க," என்று ஒருவர் கத்தினார்.

"பண்றேன். ரசீது கேக்காதீங்க," என்றார் லாடிப்போ.

தெருவே சிரித்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவுகிறவர்கள் அன்று ஒருவரும் நழுவவில்லை. மழையில் எங்கே போவார்கள்? நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு, தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சிமியும் அவள் தங்கை ஈஃபேவும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஈரத்தில் ஆடினார்கள். ஆடுகிறவர்களுக்கு மொய்யாக விருந்தினர் நெற்றியில் ஒட்டும் நைரா நோட்டுகள் அந்த ஈரத்தில் விழவே இல்லை.

மழை குறைந்தபோது லாடிப்போ கடைசி ஷாமியானாவின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு தட்டோடு வந்தார். கிழங்கு மாவில் கிண்டிய அமலாக் களி, கீரைக் குழம்பு, மூன்று பெரிய துண்டு இறைச்சி. தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்பிடு."

அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

"அந்த சீஃப் போன் பண்ணினான்," என்றார் அக்கா. "பாதி விலை எதுக்குன்னு உங்கிட்ட சொல்லிட்டானாமே. ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

லாடிப்போ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க பேசி வாங்கினது அக்கா. அதப் போய் நான் கெடுக்கணுமா?"

அக்கா தன் ஊதாத் துணியின் ஈர ஓரத்தைப் பிழிந்தார்.

"நான் பேரமே பேசலடா," என்றார் பிறகு. "உள்ள போனேன். வரி வாரியத் தலைவர் என் தம்பின்னு சொன்னேன். அவனே விலையப் பாதியாக்கினான். எதுக்குப் பாதியாக்கறான்னு எனக்குத் தெரியாதா? சந்தைலயே கெடக்கறவ நான். தெரிஞ்சுதான் வாங்கினேன்."

லாடிப்போவின் கை குழம்பிலேயே நின்றுவிட்டது. அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று அவர் எதை மறைத்தாரோ, அதை அக்கா தெரிந்தேதான் செய்திருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வலித்தது, நன்றாகவே வலித்தது. கடைக்காரிகள் முன்னால் வாங்கிய திட்டைவிட அதிகம் வலித்தது.

"இப்ப என்னடா சொல்ற?" என்றார் அக்கா. அந்தக் குரலில் சந்தையில் யாரும் கேட்டிராத ஒரு பயம் இருந்தது.

லாடிப்போ எழுந்தார். ஈரத் தரையில், புதுத் துணியோடு, அத்தனை பேர் பார்க்க அக்காவின் காலடியில் முழுசாக விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்காமலே சொன்னார்.

"ஈஃபே கல்யாணத்துக்கும் தெருவுலதான் அக்கா ஷாமியானா."

அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். போட்ட கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு அழுதார்.

"சரிடா," என்றார். "மழை இல்லாத மாசமாப் பாத்து வெச்சுக்கலாம்."