தண்ணீர் கல்லாகிற ஊரின் இன்ஜின்

பம்பு இன்ஜின் விற்கிற தொழிலில் இன்ஜினைப் பற்றித் தெரியாவிட்டால்கூடக் காலம் தள்ளிவிடலாம். அது பிறந்த ஊரின் மழையைப் பற்றித் தெரியாவிட்டால் மானம் போய்விடும். மேட்டூரில் அணை கட்டி முடித்த சில வருஷங்களுக்குப் பிறகு, செவ்வாய்ப்பேட்டையில் சீமை இன்ஜின் விற்ற ஒரு கடைக்காக ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஜவுளிக் கடையில் துணி கிழித்தவன். கிணறு என்றால் எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணறு மட்டும்தான் தெரியும். வாடிக்கையாளர் முன்னால் வாயடைத்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாத பாக்கியசாலிகள் சிரித்துவிட்டுப் போகலாம்.

சந்தையில் செய்த பிரசங்கம்

திருச்செங்கோட்டுச் சந்தையில், சித்திரை வெயிலில், ஒரு வண்டியின் மேல் இன்ஜினை ஏற்றி வைத்துப் பேசினேன். கையில் கடைக்காரர் கொடுத்த பெரிய வர்ணப்படம். பச்சைப் பசேலென்று சீமை வயல், அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர், பக்கத்தில் ஆறு, நடுவே நம் இன்ஜின். "பாருங்கள், நம் இன்ஜின் ரொப்பிய வயல்!" என்று முழங்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்ஜினோடு வந்த குறிப்புகளையும் தமிழில் எடுத்து விட்டேன். குளிர்காலத்தில் வேலை முடிந்ததும் இன்ஜினில் உள்ள தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உறைந்து கல்லாகி இரும்பையே பிளந்துவிடும் என்றேன்.

கூட்டத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்த ஓர் அம்மாள் முன்னால் வந்தார். நல்லாயி அம்மாள் என்று பெயர். ஆறு மைல் தள்ளி ஒரு தோட்டத்தைத் தானே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏனுங்க, ஆறும் பக்கத்துலயே ஓடுது, தண்ணியும் கல்லாப் போகுது, அந்த ஊர்ல எதுக்குங்க தண்ணி எறைக்கறாங்க?"

வைக்கோல் தின்னாத மாடு

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால் பேச்சை மாற்றினேன். தொழிலில் இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த பிறகு அவர் தோட்டத்துக்கே போனேன். அங்கே மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையில் இரண்டு மயிலைக் காளைகள் வடத்தை இழுத்துச் சரிவில் இறங்கின. தோல் பறி தண்ணீரோடு மேலே வந்தது. மழைத் தண்ணீரில் கிணறு முக்கால்வாசி நிறைந்திருந்தது. அது வருஷம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். சீமைப் படத்தில் ஆறு அப்படித்தானே இருந்தது!

கார்த்திகையில் இன்ஜினைப் பொருத்தினோம். குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. "இனி மாடு எதற்கு ஆத்தா? விற்றுவிடுங்கள், வைக்கோலாவது மிஞ்சும்" என்றேன்.  அவர் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கே காளைகளைக் கொடுத்துவிட்டு, தை மாதம் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நிலத்தில் கரும்பு வைத்தார். காளைகள் போன அன்று சொன்னார்: "உங்க பேச்சை நம்பித்தானுங்க அவுத்து உட்டிருக்கறேன்."

தொட்டித் தண்ணீர்

மாசியில் நல்லாயி அம்மாள் ஆள் அனுப்பினார். இன்ஜின் சூட்டைத் தணிக்கப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. பனி கொட்டும் ஊருக்கு அந்தச் சின்னத் தொட்டி போதும். நம் வெயிலில் மதியத்துக்குள் தண்ணீர் கொதித்துத் தளதளவென்றது. தோட்டத்து ஆள் மாரப்பன் ஒரு பானையோடு ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மேல்துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டேன். பானையை இறக்கி வைத்துவிட்டு அவர் மரியாதையாகவே கேட்டார்: "நாம குடிக்க இது எறைக்குதுங்களா, இது குடிக்க நாம எறைக்கறமுங்களா?"

துரை எட்டிப் பார்த்தார்

பங்குனியில் இன்ஜின் ஓடியது, குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. அந்தச் சமயம் இன்ஜின் கம்பெனியின் துரை சென்னையிலிருந்து வந்திருந்தார். அழைத்துப் போனேன். துரை கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் அடிப்பாறையில் ஒரு கண்ணாடித் துண்டு அளவுக்கு மின்னியது. "எங்கள் ஊரில் இவ்வளவு ஆழம் இறங்கினால் நிலக்கரியோடுதான் மேலே வருவோம்" என்றார். பம்பு ஓரளவு ஆழத்திலிருந்துதான் உறிஞ்சும். அதற்கும் கீழே தண்ணீர் போனால் கிணற்றுக்குள் பாறையை வெட்டி மேடை கட்டி, பம்பையே கீழே இறக்க வேண்டுமாம். அந்த வேலை முடிவதற்குள் கோடை போய்விடும். கரும்பு ஏற்கெனவே பழுத்துச் சுருள ஆரம்பித்திருந்தது.

மோர் குடிக்க வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்தபோதுதான் என் வர்ணப்படம் அங்கே சுவரில் மாட்டியிருப்பதைக் கண்டேன். துரையும் கண்டார், முகம் மலர்ந்தது. அந்த இடம் அவருக்குத் தெரியுமாம். ஆற்றைவிடத் தாழ்ந்த பூமி. மாதம் தவறாமல் பெய்கிற மழை வயலில் தேங்கிப் பயிர் அழுகிவிடும். அந்தத் தண்ணீரை வாரி ஆற்றில் தள்ளத்தான் இன்ஜின் வைத்திருக்கிறார்கள் என்றார். இதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.  அவ்வளவு வெட்கம் அதற்கு முன் பட்டதில்லை. நல்லாயி அம்மாள் படத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். "அப்ப அவங்க வேண்டாம்னு கொட்டறதுக்குச் செஞ்சதத்தான், நாம வேணும்னு வாங்கியிருக்கறமுங்களா?"

வாடகைக் காளைகள்

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கலாமென்று தனியாகப் போனேன். பாதிக் கரும்பு காய்ந்து சருகாகியிருந்தது. மீதிப் பாதிக்குக் கவலை ஓடிக்கொண்டிருந்தது. அதே மயிலைக் காளைகள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் வேலை முடிந்த பிறகு நாள் வாடகைக்கு விடுகிறார் என்று மாரப்பன் காதோடு சொன்னார்.

யாரும் அதட்டவில்லை. காளைகள் தாமாகவே சரிவில் இறங்கின, பறி கவிழ்ந்ததும் தாமாகவே பின்னால் காலெடுத்து வைத்து மேலேறின. ஓய்வில் ஒன்று தலையை நீட்டி நல்லாயி அம்மாளின் முந்தானையை நக்கியது.  அவர் அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வாடகைக்கு வந்திருக்குதுங்க சாமி. அதுகளுக்கு அது தெரியாதுங்க."

அதன் பிறகும் பல வருஷம் இன்ஜின் விற்றேன். பங்குனியில் கிணற்றை எட்டிப் பார்க்காமல் ஒருவருக்கும் விற்றதில்லை, ஆகவே பங்குனியில் ஒருவருக்கும் விற்றதேயில்லை.